மைனஸ் ஏழு

"கண்ணாடியைக் கழட்டு கண்ணு, பாக்கலாம்" என்றார் சாரதாமணி.

கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெளிவாகத் தெரிவது பதினைந்து சென்டிமீட்டர் வரைதான். அதற்கு அப்பால் எல்லாம் கரைந்துவிடும். எதிரே நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை, சாரதாமணியின் மகன் வேல்குமார், ஒரு நீலத் திட்டாக இருந்தான். அந்தத் திட்டு அசையவில்லை, ஒன்றும் பேசவில்லை.

"மூக்கும் முழியும் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் சாரதாமணி, என் அம்மா இருந்த பக்கம் திரும்பி. "ஆனாப் பாருங்க, எங்கூட்ல ஒருத்தருக்கும் கண்ணாடி கெடையாது. நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் இது வந்துருச்சுன்னா என்னங்க பண்றது?"

கேசரி சாப்பிட்டார்கள். காபி குடித்தார்கள். சாயங்காலம் தரகர் போன் பண்ணி, வேண்டாமென்றுவிட்டார்கள் என்றார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ரத்தினசாமி பொண்ணா? படிச்ச புள்ளதான், ஆனா அரைக் குருடுங்க" என்று சாரதாமணி சொன்னதாக எங்களுக்குச் செய்தி வந்தது. சொல்லியவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதற்குப் பிறகு பேச்சு வந்த இரண்டு இடங்களும் நின்றுபோயின. அம்மா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எங்கள் சாதிசனம் முழுக்க நெசவிலிருந்து பனியனுக்கு வந்தவர்கள். ஒரு மண்டபத்தில் சொன்னது மறுநாள் எல்லாக் கம்பெனிக்கும் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பத்து மிஷின் உள்ள தையல் யூனிட். கீழே யூனிட், மேலே வீடு. நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, மாடி முன்னறையில் பிளஸ் டூ பெண்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. முதுகுக்குப் பின்னால் கரும்பலகை இருந்தால் மட்டும் வரும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயத்தில் அதே சாரதாமணி படியேறி வந்தார். கூடவே அவர் மகள் தேவிப்பிரியா.

"பிசிக்ஸ்ல இருவத்தெட்டு மார்க்கு வாங்கியிருக்குது. நீ நல்லாச் சொல்லிக் குடுக்கறீன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார்.

"சேத்துக்கறனுங்க" என்றேன்.

அரைக் குருடு என்ற அந்தச் சொல் கிளம்பிய வீட்டுக்கே அது திரும்பிப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். எப்படி என்று அப்போது தெரியவில்லை. கையில் கிடைத்தது அந்த வீட்டுப் பெண் ஒருத்தி.

தேவிப்பிரியா வாயாடி. வெறுப்பதற்குச் சிரமமான பெண். "அக்கா, இந்த லென்சு பாடத்த எழுதுனவருக்கு ஊட்டுல நிம்மதியே இருந்திருக்காதுங்க" என்பாள். ஆனால் கேட்டதைச் செய்வாள். முதல் வாரம் மெல்லிய வில்லைக் கணக்குகள் கொடுத்தேன்.

குவிலென்ஸ், குவியத்தூரம் இருபது சென்டிமீட்டர். பொருள் முப்பது சென்டிமீட்டரில். பிம்பம் எங்கே?

1/v − 1/u = 1/f என்று சரியாக எழுதினாள். பிறகு u என்ற இடத்தில் முப்பதை அப்படியே போட்டாள். ஒளி போகிற திசைக்கு எதிராக அளக்கிற தூரத்துக்கு மைனஸ் போட வேண்டும். பொருள் எப்போதும் லென்ஸுக்கு முன்னால் இருப்பதால் u மைனஸ் முப்பது. அந்த ஒரு கோடு விட்டுப்போனதால் அறுபது வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்தது.

"சரிங்களாக்கா?"

பார்த்தேன். "ம். அடுத்தது போடு."

புத்தகத்தில் விடை இல்லாத கணக்குகளாகவே தேடிக் கொடுத்தேன். ஒரு வாரம் முழுக்க அவள் அந்தக் கோட்டைப் போடவில்லை. நானும் திருத்தவில்லை. மற்றப் பெண்களுக்கு வேறு நேரம், அதனால் பக்கத்தில் எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. மார்ச் மாதப் பரீட்சை அறையில் அவள் தன்னம்பிக்கையோடு எழுதப்போகும் பன்னிரண்டை நினைத்தபடி இரவில் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த பாடம் லென்ஸின் திறன். வீட்டில் பவர் எழுதியிருக்கிற ஏதாவது ஒன்றைக் கொண்டு வரச் சொன்னேன். எல்லாப் பெண்களுக்கும் சொல்வதுதான். அப்பாவின் வாசிப்புக் கண்ணாடி, துணியில் கண்ணி எண்ணுகிற லென்ஸ் என்று கொண்டு வருவார்கள். தேவிப்பிரியா கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளித்தாளைக் கொண்டு வந்தாள்.

"தொவைக்கப் போட்ட பேண்ட்டுல கெடந்துச்சுங்கக்கா. இதுல பவர்னு போட்டிருக்குதுங்களே."

காண்டாக்ட் லென்ஸ் டப்பாவின் மேல்மூடி. −6.50 என்று அச்சடித்திருந்தது.

"யாரோட பேண்ட்டு?"

"அண்ணனோடதுங்க." குரலைத் தாழ்த்தினாள். "நானும் நேத்துத்தானுங்க கண்டுபுடிச்சேன். காலேஜ் படிக்கறப்ப இருந்தே போடறானாமா. அம்மாவுக்குத் தெரியாது. கண்ணாடிகூட வெச்சுக்கல, அம்மா பாத்துருமுன்னு. காலையில எந்திரிச்சதும் மொத வேலையா பாத்ரூமுக்குத் தடவீட்டுப் போவான். தூக்கக் கலக்கமுன்னு நெனச்சுட்டிருந்தோம்." சிரித்தாள். "அம்மாகிட்டச் சொல்லிறாதீங்கக்கா. அவனுக்குத் தேதி வேற குறிச்சாச்சு."

"சொல்ல மாட்டேன்."

நீலத் திட்டை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அது என்னைத் தெளிவாகப் பார்த்திருக்கிறது. கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிய என்னைப் பார்த்துக்கொண்டு, தன் அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறது.

சாக்பீஸை எடுத்துக்கொண்டேன்.

"கணக்காப் போடலாம். உங்கண்ணன் கண்ணாடி போட்டா, அதோட பவர் என்ன?"

"அதே ஆறரைதானுங்க?"

"இல்ல. கண்ணாடி கண்ணுக்கு ஒட்டி இருக்காது. ஒண்ணேகால் சென்டிமீட்டர் மாதிரி தள்ளி இருக்கும். ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு வெச்சுக்க. போடு."

அவள் தூரத்துக்கு மைனஸ் போடாமல் ஆரம்பித்தாள். இந்தக் கணக்கில் எனக்குச் சரியான விடை வேண்டியிருந்தது. அதனால் முதல் தடவையாக அவள் கையை நிறுத்தி, திசைகளுக்கான விதியை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். லென்ஸின் மையத்தில் நின்றுகொள். ஒளி போகிற பக்கம் பிளஸ். அதற்கு எதிர்ப்பக்கம் மைனஸ். எதை அளந்தாலும் இங்கிருந்து அள.

"ஓ" என்றாள். "இவ்வளவுதானுங்களா!" பிறகு மளமளவென்று போட்டாள். ரொம்பத் தூரத்தில் இருக்கிற பொருளின் பிம்பம் குவியத்தில் விழும். நூறை மைனஸ் ஆறரையால் வகுத்தால் மைனஸ் பதினைந்து புள்ளி நான்கு. அதாவது அண்ணன் கண் தன்னால் பார்க்கக்கூடிய கடைசி இடம், கண்ணிலிருந்து பதினைந்து புள்ளி நான்கு சென்டிமீட்டர். கண்ணாடி ஒன்று புள்ளி இரண்டு முன்னால் நிற்கிறது. அங்கிருந்து அதே இடத்துக்குப் பதினான்கு புள்ளி இரண்டு. நூறை மைனஸ் பதினான்கு புள்ளி இரண்டால் வகுத்தாள்.

"மைனஸ் ஏழு புள்ளி சைபர் நாலுங்க."

"கடையில கால் கால் பவராத்தான் வரும். ஏழு."

அவள் தலையைத் தூக்கி என் கண்ணாடியைப் பார்த்தாள். "அக்கா, உங்களுது எவ்வளவுங்க?"

"ஏழு. ரெண்டு கண்ணும்."

அவள் சட்டென்று நோட்டுக்குக் குனிந்துகொண்டாள். பெண் பார்க்க வந்த கதை அவளுக்கும் தெரியும். பிறகு, சங்கடத்தை மறைக்கவோ என்னவோ, அண்ணனைப் பற்றித் தொடர்ந்து பேசினாள். "கம்பெனியில கட்டிங் பக்கமே போக மாட்டானுங்க. ஏசி ரூம்லயேதான். பஞ்சு பட்டா உறுத்துதாமா. ஒருக்கா அங்க நின்னு லென்சு கழண்டு வுழுந்து, மெட்ராஸ் ஐன்னு சொல்லி நாலு நாளு ரூமச் சாத்தீட்டுக் கெடந்தான்."

"அப்படியா" என்றேன்.

தை பிறந்ததும் சாரதாமணி போன் பண்ணினார். முதல் பத்திரிகையைச் சிவன்மலை முருகனுக்கு வைத்தாயிற்று, வியாழக்கிழமை மகனோடு வந்து எங்களை அழைக்கிறேன் என்றார். எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் நேரில் வந்து தட்டு வைத்து அழைக்காமல் விடுவது எங்களில் இல்லை. விட்டால் அது வேறு பேச்சாகிவிடும்.

அப்பாவிடம் போனேன். "அந்த ஃப்ளீஸ் லாட்டை வியாழக்கிழமை வெட்டுங்கப்பா. எக்ஸ்போர்ட்காரங்க அவசரப்படறாங்கன்னு சொன்னீங்கல்ல."

குளிர்தேசத்துக்குப் போகும் மேல்சட்டைத் துணி அது. உள்பக்கம் சுரண்டிப் பஞ்சு எழுப்பியிருப்பார்கள். வெட்டும்போது அந்தப் பஞ்சு பறக்கும். மூக்கில் துணி கட்டாமல் நிற்க முடியாது. அன்றைக்கு மட்டும் கட்டிங் டேபிள் பக்கத்து ஸ்டாண்ட் ஃபேனை யாரும் போட மாட்டார்கள்.

வியாழக்கிழமை கார் வந்தது. வேல்குமார்தான் ஓட்டி வந்தான். பட்டுச் சேலையில் சாரதாமணி, பின்னால் வெற்றிலைத் தட்டோடு தேவிப்பிரியா. நான் வாசலுக்கே போனேன்.

"அப்பாவும் அம்மாவும் கீழதானுங்க இருக்காங்க. வேல நடக்குது. தொழில் பண்ற எடத்துலயே வெச்சுக் குடுத்தீங்கன்னா எல்லாத்தையும் அழைச்சாப்பலயும் இருக்கும்."

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. "அதுஞ் சரிதான் கண்ணு" என்று உள்ளே நடந்தார். வேல்குமார் படியில் ஒரு நொடி நின்றான். பிறகு அம்மா பின்னால் போனான்.

வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கருநீலத் துணி. காற்றில் கருநீலப் பஞ்சு. நான் சுவரோரமாகப் போய் ஸ்டாண்ட் ஃபேனின் சுவிட்சைப் போட்டேன்.

"ஆரது ஃபேனப் போட்டது!" என்று செக்கிங் பார்க்கும் தெய்வாத்தாள் கத்தினாள். மிஷின் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. டேபிளில் கிடந்த பஞ்சு மொத்தமாக எழும்பியது.

அப்பாவும் அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அப்பா மிஷின்களை நிறுத்தச் சொன்னார். அந்த அமைதியில் சாரதாமணி என்னைத் தேடிப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"இப்பெல்லாம் கண்ணுக்கு ஆபரேசன் இருக்குதாமுங்க. லேசர்ல பண்ணிக் கண்ணாடியே இல்லாம ஆக்கிப்புடறாங்களாம். இவளுக்கும் பண்ணி வுட்டீங்கன்னா நல்ல எடம் அமைஞ்சு போகும்." இதைப் பதினைந்து பேர் கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் தட்டை எடுத்து மகனிடம் கொடுத்தார். "குடு சாமி."

வேல்குமார் கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் சிவந்து நீர் வழிந்தது. ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி இன்னொரு கையால் வலது கண்ணைக் கசக்கினான். மறுபடி கசக்கினான்.

"அய்யோ, கண்ணுலருந்து என்னமோ வுழுந்துருச்சுங்க!" தெய்வாத்தாள் குனிந்தாள். "மீன் செதிலாட்டம் என்னமோ!"

"முருகா! கண்ணுக்கு என்ரா ஆச்சு?" சாரதாமணி அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "கருமணி கழண்டுருச்சா? ஆராச்சும் தண்ணி கொண்டாங்களே!"

"ஒண்ணுமில்லம்மா. தூசி." அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இடது கண்ணிலும் விரலை விட்டான். உறுத்தல் தாங்கவில்லை போலிருக்கிறது. எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் விரல் நுனியிலேயே வைத்திருந்தான். ஃபேன் காற்றில் அதுவும் போயிற்று.

திரும்பி, "வாங்க மாமா" என்று தட்டை நீட்டினான். அப்பா வலது பக்கம் நின்றிருந்தார். தட்டு, ஹேங்கரில் தொங்கிய சாம்பிள் சட்டைக்கு முன்னால் நீண்டிருந்தது.

தையல்காரப் பெண்களில் யாரோ களுக்கென்றார்கள்.

"என்ரா, அங்க ஆரு நிக்கறா?" சாரதாமணியின் குரல் மாறியிருந்தது. "வேலு, என்னையப் பாரு. தெரியுதா?"

நான் போனேன். கண்ணாடியைக் கழற்றித் தாவணி முனையில் துடைத்து, அவன் இருந்த திசையில் நீட்டினேன்.

"இதைப் போட்டுக்குங்க."

"வேண்டாங்க."

"தட்டைக் குடுக்கோணுமில்லங்க."

என் விரல்களிலிருந்து கண்ணாடியை ஒரு கை தடவி எடுத்துக்கொண்டது.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. எத்தனையோ நாளாக நான் பார்க்கக் காத்திருந்த சாரதாமணியின் முகம் எனக்கு எதிரே இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு மாம்பழ நிறப் பட்டுத் திட்டும், அதற்கு மேல் ஒரு மாநிறத் திட்டும். காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"தெரியுதுங்களா தம்பி?" தெய்வாத்தாள்தான் கேட்டாள்.

தட்டில் பாக்கு உருளும் சத்தம் கேட்டது.

"கேக்கறாங்கல்ல? தெரியுதாடா?" சாரதாமணி.

"தெரியுதும்மா."

"எல்லாந் தெரியுதா?"

"ம்."

"எத்தன வருசமா?"

"காலேஜ்ல இருந்து."

"அட, அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குதே!" என்றாள் தெய்வாத்தாள். பெண்கள் இந்த முறை அடக்காமல் சிரித்தார்கள்.

"ஏழுங்க" என்றேன் பட்டுத் திட்டைப் பார்த்து. "என்னோடதும் ஏழுதான்."

தட்டு கைமாறுகிற சத்தம் கேட்டது. வந்துவிடுங்கள் என்று அழைக்கிற குரல் கேட்கவில்லை. அழைப்பதற்கு வந்தவர்கள் அழைக்க மறந்து நின்றார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"கண்ணாடியைக் கழட்டுங்க, பாக்கலாம்."

அவன் கழற்றி என் கையில் வைத்தான். நான் போட்டுக்கொண்டபோது சாரதாமணி வாசலுக்குத் திரும்பிவிட்டிருந்தார். பட்டுச் சேலையின் முதுகு மட்டும் தெரிந்தது. அதில் கருநீலப் பஞ்சு ஒட்டியிருந்தது. வேல்குமாரால் காரை எடுக்க முடியவில்லை. அப்பா எங்கள் டெம்போ டிரைவரை அனுப்பினார். தங்கை அண்ணனின் கையைப் பிடித்துப் படியிறக்கிக்கொண்டு போனாள். கடைசிப் படியில் அவள் திரும்பி, சுற்றிக்கொண்டிருந்த ஸ்டாண்ட் ஃபேனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்பா போய் ஃபேனை அணைத்தார். "நீ போட்டதா?"

"ஆமாங்கப்பா."

தட்டிலிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்துப் பஞ்சை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "சரி, மிஷினப் போடுங்க" என்றார். அம்மா அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். பந்தியில் யாரோ அவளுக்கு அருகில் வந்து உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார்களாம். ஊரில் இப்போது அரைக் குருடு என்றால் வேறு ஆளைத்தான் சொல்கிறார்களாம்.

வேல்குமாருக்குப் பார்த்த பெண் வீட்டில், "கண்ணாடிதானே, இதுல என்னங்க இருக்குது" என்று சொல்லிவிட்டார்களாம். தேதியில் மாற்றமில்லை. அதைக் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் குறையாக இருந்த அதே ஏழு, அவனுக்குக் குறையே இல்லாமல் போய்விட்டது.

தேவிப்பிரியா இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா அனுப்பலீங்க. நானாத்தான் வந்தேன்."

"ம்."

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க."

"சொல்லலையே."

"இல்லீங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லல." அவள் சிரிக்கவில்லை. "நேத்து ஊட்டுல ஒரே சத்தம். ரூம்ல ஒக்காந்து லென்சுக் கணக்கெல்லாம் மறுக்காப் போட்டுப் பாத்தேன். அண்ணன் கணக்குக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்கல்ல, அதே மாதிரி."

எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள். குவியத்தூரம் இருபது. u என்று எழுதி, மைனஸ் கோட்டை அழுத்தி இழுத்து, முப்பது என்று எழுதினாள். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் அறுபது என்று எழுதி அடிக்கோடிட்டாள். எந்தப் பிழையும் இல்லை.

"அன்னிக்குப் பன்னெண்டுன்னு போட்டேன். சரிங்களான்னு கேட்டேன். நீங்க பாத்துட்டு 'ம்'ன்னீங்க."

இப்போது கரும்பலகை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒரு கணக்கில்லீங்க. ஒம்போது கணக்கு. எல்லாத்துக்கும் 'ம்'ன்னீங்க. அண்ணன் உங்களுக்குப் பண்ணுனதுக்கு அவனுக்குப் பண்ணுனீங்க, சரி. நான் என்னங்கக்கா பண்ணுனேன்?"

கண்ணாடியைக் கழற்றினேன். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எதிரே அவள் முகம் ஒரு திட்டாகியது. அந்தத் திட்டு அசையாமல், பதிலுக்காக, அப்படியே நின்றுகொண்டிருந்தது.